பொதியை இறக்குவது யார்?

தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பெயர்ப்பலகை இல்லாத மென்பொருள் கம்பனிகள் இருக்கின்றன. வீட்டின் மேல்மாடி, நான்கைந்து மேசை, ஒரு ஃபைபர் இணைப்பு, அவுஸ்திரேலியாவிலோ நோர்வேயிலோ ஒரு வாடிக்கையாளர். இவர்களுடைய வேலைமுறை அண்மைக் காலத்தில் தலைகீழாகிவிட்டது. “விலைப்பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கும் பகுதியைச் சேர்” என்று ஏஐ ஏஜண்டுக்கு எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது பகுதி தயாராக இருக்கும். இடையில் அந்த ஏஜண்ட் இணையத்திலிருந்து சில பொதிகளை இறக்கியிருக்கும். அந்தப் பொதிகள் தமக்கு வேண்டிய இன்னும் பல பொதிகளை இழுத்து வந்திருக்கும். அவற்றில் ஒன்றின் பெயரைக்கூட மனிதர் எவரும் வாசித்திருக்கமாட்டார்.

கணினிக்காரர் பக்கேஜ் என்று சொல்லும் பொதி, யாரோ எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் வைத்த நிரல். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு என்பிஎம், பைதன் எழுதுகிறவர்களுக்குப் பைபிஐ. இரண்டிலும் ஒரு கணக்கைத் திறந்து, வேறெவரும் எடுக்காத பெயரொன்றைப் பிடித்து, எவரும் எதையும் ஏற்றலாம். ஏற்றுமுன் ஒருவர் வாசித்து ஒப்பமிடும் ஏற்பாடு கிடையாது. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. என்பிஎம் பொதி, தான் நிறுவப்பட்ட கையோடு ஓடவேண்டிய கட்டளை ஒன்றைத் தன்னுள்ளேயே கொண்டு வரலாம். பைதனிலும் மூலவடிவில் வரும் பொதிகள் நிறுவும்போதே தம் நிரலை ஓட்டக்கூடியவை. அந்தக் கட்டளை மடிக்கணினிக்காரரின் அதிகாரத்தில்தான் ஓடும். அவருக்குத் திறக்கும் எல்லாம் அதற்கும் திறக்கும்: வாடிக்கையாளரின் முகில் கணக்கு, நிரலைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் டோக்கன், சேவையகத்துக்குள் போகும் எஸ்எஸ்எச் திறப்பு, பக்கத்துக் கோப்புறையில் கிடக்கும் இன்னொரு வாடிக்கையாளரின் தரவு.

இந்த ஓட்டை ஏஐ வருமுன்பே இருந்தது. 2016 மார்ச்சில் அசர் கொச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயர்த் தகராறில் வெறுத்துப்போய் என்பிஎம்மிலிருந்து தன் பொதிகளை விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்றான லெஃப்ட்-பேட் வெறும் 11 வரி. அந்த 11 வரி இல்லாமல் உலகெங்கும் பெரிய பெரிய திட்டங்கள் இடையில் நின்றன. அதே ஆண்டில் நிக்கொலாய் சாஹர் என்ற ஜெர்மன் மாணவர், பிரபலமான பொதிகளின் பெயர்களை எழுத்துப்பிழையோடு பதிவுசெய்து பார்த்தார். 17,000க்கும் மேற்பட்ட கணினிகள் அவருடைய நிரலை ஓட்டின. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியைப் பராமரித்துக் களைத்தவர், உதவிக்கு வந்த முகந்தெரியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர் பிட்கொயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்து அதில் நஞ்சு கலந்தார். 2021இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், பெரிய கம்பனிகள் உள்ளே மட்டும் பாவிக்கும் பொதிகளின் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயர்களில் பொதுக் களஞ்சியத்தில் பொதிகளை வைத்தார். அப்பிள், மைக்ரோசொஃப்ட், பேபால் உட்பட 35க்கு மேற்பட்ட கம்பனிகளின் கணினிகள் வெளியிலிருந்து வந்ததையே எடுத்து ஓட்டின.

இவை எல்லாவற்றிலும் நின்று பார்க்கவேண்டியது 2024இன் எக்ஸ்இஸட் சம்பவம். லினக்ஸ் கணினிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் சுருக்கும் மென்பொருள் அது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு கூட்டம், இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றை வைத்தது. அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர், தரவுத்தள வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். மார்ச் 29ஆம் திகதி உலகம் அறிந்தது. உலகத்து சேவையகங்களில் பெரும்பகுதி தப்பியதற்குக் காரணம், ஒரு மனிதனுக்கு அந்த அரை விநாடி எரிச்சலூட்டியதுதான். வேலையை முடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட ஏஜண்டுக்கு அரை விநாடித் தாமதத்தைப் பற்றி என்ன கவலை?

ஆகவே ஏஜண்ட் புதிதாகக் கொண்டுவந்த ஆபத்து என்ன என்று கேட்டால், பழைய ஓட்டைக்கும் நமக்கும் நடுவில் இருந்த கொஞ்ச அவகாசத்தை அது எடுத்துவிட்டது என்பேன். முன்பும் யாரும் நிரலை வாசித்ததில்லை. ஆனாலும் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கண் அதில் பட்டது. “இது என்ன, கேள்விப்படாத பெயர்” என்ற ஐயம் வர ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணம் போனதோடு மூன்று புதிய கோணல்களும் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, இல்லாத பொதியைக் கேட்பது. ஏஜண்டுகளின் உள்ளே இயங்கும் மொழி மாதிரிகள், இல்லாத ஊருக்கு வழி சொல்வதுபோல இல்லாத பொதிகளின் பெயர்களையும் நம்பிக்கையோடு சொல்லும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்ரோனியோ வளாகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு இரு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 16 மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல் துண்டுகளை எழுதவைத்துப் பார்த்தார்கள். அவை பரிந்துரைத்த பொதிகளில் 19.7 வீதம் உலகில் இல்லாதவை. தனித்தனிப் பெயர்களாக எண்ணினால் 2,05,474. காசு கொடுத்துப் பாவிக்கும் மாதிரிகளில் இது ஏறத்தாழ 5 வீதம், திறந்த மாதிரிகளில் 21 வீதத்துக்கும் மேல். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படும் எண் வேறு. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பத்துத் தடவை கேட்டபோது, கற்பனைப் பெயர்களில் 43 வீதமானவை பத்துத் தடவையும் வந்தன. உளறல் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் யாராலும் அதற்குக் கண்ணி வைக்கமுடியாது. ஒரே உளறல் திரும்பத் திரும்ப வருமென்றால், அந்தப் பெயரைப் போய்ப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

இது நடக்கக்கூடியதுதான் என்று பார் லன்யாடோ என்ற ஆய்வாளர் காட்டினார். ஏஐ அடிக்கடி சொன்ன ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற கற்பனைப் பெயரில் பைபிஐயில் வெற்றுப் பொதியொன்றை வைத்தார். மூன்று மாதத்தில் 30,000 தடவைக்கு மேல் அதை இறக்கியிருந்தார்கள். அலிபாபாவின் திட்டமொன்றின் அறிமுகக் குறிப்பிலேயே அதை நிறுவும்படி எழுதியிருந்தது. பொதியில் நஞ்சு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே கணக்குப் பார்க்கலாம்.

இன்றைய ஏஜண்டுகள் முன்னவற்றைவிடக் கவனமானவை, களஞ்சியத்தில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே இறக்குகின்றன என்று சொல்லப்படுகிறது. சரி. ஆனால் கண்ணி வைக்கிறவன் பெயரைப் பதிவுசெய்த பிறகு அந்தப் பெயர் களஞ்சியத்தில் இருக்கத்தானே செய்யும்? “இருக்கிறதா” என்ற கேள்வியால் ஆகப்போவது கொஞ்சம். எப்போது வந்தது, யார் வைத்தார், வேறு யார் பாவிக்கிறார்கள் என்பனதான் கேட்கவேண்டியவை.

இரண்டாவது கோணல், ஏஜண்ட் எழுத்துக்குக் கீழ்ப்படிவது. மனிதருக்கு ஒரு பொதியின் விளக்கக் குறிப்பு வெறும் குறிப்பு. ஏஜண்டுக்கு அது உத்தரவாகவும் தோன்றலாம். “நிறுவியபின் இந்தக் கட்டளையையும் ஓட்டு” என்று கண்ணுக்குத் தெரியாத மூலையில் எழுதிவைத்தால் போதும். 2025 ஜூலையில், பத்து இலட்சத்தை நெருங்கும் தடவை நிறுவப்பட்டிருந்த, அமேசன் க்யூ என்ற ஏஜண்டின் நீட்சியில் வெளியார் ஒருவர் ஒரு பந்தியை நுழைத்துவிட்டார். கணினியைத் துடைத்துப் புதிது போலாக்கு, முகிலில் இருப்பவற்றையும் அழி என்பது அதன் சாரம். சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பந்தி, நிரல்கூட அல்ல. எழுதியதில் இருந்த பிழையால் அது ஓடவில்லை என்று கம்பனி அறிவித்தது.

மூன்றாவது கோணல், ஏஜண்டே திருட வந்தவனின் கருவியாவது. இதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். 2025 ஓகஸ்ட் 26ஆம் திகதி, என்எக்ஸ் என்ற பிரபலமான பொதியின் நச்சுப் பதிப்புகள் என்பிஎம்மில் ஏறின. சில மணித்தியாலம்தான் இருந்தன. நிறுவியவுடன் ஓடிய நிரல், பணப்பைகளையும் டோக்கன்களையும் தேடியது. இதுவரை பழைய கதை. ஆனால் அது தானே தேடியதோடு நிற்கவில்லை. கணினியில் க்ளோட், ஜெமினி, அமேசன் க்யூ ஆகிய ஏஜண்டுகளில் ஏதாவது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால் அதைக் கூப்பிட்டு, “அனுமதி கேளாமல் வேலை செய்” என்ற சுவிட்சையும் போட்டு, இரகசியங்கள் இருக்கக்கூடிய கோப்புகளை எல்லாம் பட்டியலிட்டுத் தா என்று வாசகமாகவே எழுதிக் கேட்டது. சில இடங்களில் ஏஜண்ட் மறுத்தது, சில இடங்களில் செய்து கொடுத்தது. கிடைத்தவை, பாதிக்கப்பட்டவரின் சொந்த கிட்ஹப் கணக்கிலேயே எல்லாரும் பார்க்கத்தக்க களஞ்சியமாக ஏற்றப்பட்டன. களவெடுத்ததை வீட்டுக்காரனின் முற்றத்திலேயே பரப்பி வைத்த களவு இது. அனுமதி கேளாத சுவிட்சை வேலை சுகத்துக்காக நாம் போடுகிறோம். அதே சுவிட்ச் வந்தவனுக்கும் வேலை செய்கிறது.

அடுத்த மாதமே இரண்டு சம்பவங்கள். செப்டெம்பர் 8இல், சோக், டிபக் உள்ளிட்ட 18 பொதிகளைப் பராமரிப்பவர், என்பிஎம்மிலிருந்து வந்ததுபோன்ற போலி மின்னஞ்சலொன்றை நம்பிக் கணக்கைப் பறிகொடுத்தார்; வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் இறக்கப்படும் பொதிகள் அவை. அந்த மாத நடுப்பகுதியில் ஷாய்-ஹுலுட் என்ற புழு வந்தது. ஒருவருடைய டோக்கனைத் திருடி, அவர் பராமரிக்கும் மற்றப் பொதிகளிலும் தன்னைத்தானே ஏற்றி, அங்கிருந்து அடுத்தவருக்குப் பரவி, 500க்கு மேற்பட்ட பொதிகளைத் தொட்டது. ஏஜண்டுகளுக்கென்றே செய்த துணைக்கருவிகளும் விதிவிலக்கல்ல. மின்னஞ்சல் அனுப்ப உதவும் போஸ்ட்மார்க்-எம்சிபி என்ற பொதி பதினைந்து பதிப்புவரை ஒழுங்காக இருந்தது. 1.0.16இல் ஒரே ஒரு வரி சேர்ந்தது. அதன்பின் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் வேறொரு முகவரிக்கும் போயிற்று.

இலங்கைக்கு இது தூரத்துச் செய்தியா? இந்த நாட்டுக்குத் திறந்த மென்பொருளோடு உள்ள உறவு பலருக்குத் தெரியாத அளவு நெருக்கமானது. 2004 சுனாமிக்குப் பின் சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை இங்கேதான் தொண்டர்கள் எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளும் எடுத்துப் பாவித்தன. கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களைக் கொடுத்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியின் மென்பொருள் உலகெங்கும் வங்கிகளிலும் அரசுகளிலும் ஓடுகிறது. அதாவது, நாங்கள் இறக்குகிறவர்கள் மட்டுமல்ல, மற்றவர்கள் இறக்கும் பொருளைச் செய்கிறவர்களும்கூட. 2022 ஏப்ரலில் அந்தக் கம்பனியின் தயாரிப்புகளில் கோப்பு ஏற்றும் இடமொன்றில் இருந்த பலவீனம் பகிரங்கமானதும், திருத்தம் போடாதவர்களின் சேவையகங்கள் உடனே தாக்கப்பட்டன. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையே, தாக்குதலில் பாவிக்கப்படுபவை என்ற தன் பட்டியலில் அதே மாதம் அதைச் சேர்த்தது.

மறுபக்கத்தில், 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதியை எந்த அரச உத்தியோகத்தரும் மறந்திருக்கமாட்டார். லங்கா அரச முகிலைக் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் தாக்கியது. பாதிக்கப்பட்ட ‘ஜிஓவி.எல்கே’ மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000. அமைச்சரவை அலுவலகமும் உள்ளே. காப்புப்பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. பணப் பற்றாக்குறையாலும் பழைய தீர்மானங்களாலும் புதுப்பித்தல் தள்ளிப்போயிருந்தது என்று பொறுப்பானவர்களே சொன்னார்கள். பொதிக்கும் ஏஜண்டுக்கும் இதில் பங்கில்லை. ஆனாலும் இங்கே இதைக் கொண்டுவரக் காரணம் உண்டு. புதியதை உடனே இறக்கினாலும் ஆபத்து, இறக்காமல் வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் ஆபத்து. பாதுகாப்புப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றதையும் சொல்லி நிரலாளரைக் குழப்புகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு தெளிவான பதில் இருப்பதாகவே நினைக்கிறேன். அண்மையில் நடந்த பொதி நச்சுகளில் பெரும்பாலானவை சில மணித்தியாலத்திலோ சில நாளிலோ பிடிபட்டவை. வெளியாகி ஒரு வாரமாவது ஆகாத பதிப்பை இறக்காதே என்று கட்டியிருந்தால் அவற்றுள் அநேகமானவை வாசலைத் தாண்டியிரா. பிஎன்பிஎம் என்ற நிறுவும் கருவி 2025 செப்டெம்பரில் இந்தக் கட்டுப்பாட்டை அமைப்பாகவே கொடுத்தது. நிறுவும்போது ஓடும் கட்டளைகளை அது அதற்கு முன்பே தானாக நிறுத்திவிட்டிருந்தது. என்பிஎம்மிலும் அக்கட்டளைகளை ஓட்டாதே என்று ஒரு வரியில் சொல்லலாம். ஒரு வாரப் பொறுமை எக்ஸ்இஸட்டைப் பிடித்திராது என்பது உண்மை. அது ஐந்து வாரம் ஒளிந்திருந்தது. ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காத வலை என்பதற்காக வலையைத் தூக்கி எறிவாரில்லை. பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட பலவீனத்துக்கான திருத்தம் மட்டும் இந்தக் காத்திருப்புக்கு விலக்கு. 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்ற பொதியின் பலவீனம் வெளிவந்தபோது ஒரு வாரம் பொறுத்தவர்கள் தாக்குதலுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தவர்கள்.

ஒவ்வொரு கட்டளைக்கும் மனிதரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்ற யோசனை கேட்க நல்லது. நடைமுறையில் அது பயனில்லை. காலையில் முதல் பத்துக் கேள்வியை வாசிப்பார்கள். மத்தியானத்துக்குப் பிறகு “ஆம்” பொத்தானுக்கு விரல் தானாகப் போகும். பின்னேரத்துக்குள் அனுமதி கேளாத சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு இடத்தில் கேட்டால் போதும்: திட்டத்தில் இதுவரை இல்லாத பொதியொன்று சேரும்போது. ஏற்கெனவே உள்ள பொதிகளின் சரியான பதிப்பையும் உள்ளடக்கத்தின் விரலடையாளத்தையும் லொக் ஃபைல் பதிந்து வைத்திருக்கிறது. அதில் உள்ளதை உள்ளபடி நிறுவும் கட்டளையை ஏஜண்டுக்கு விட்டுவிடலாம். அந்தக் கோப்பில் புது வரி வந்தால் மட்டும் ஒரு மனிதர் பெயரை வாசித்து, அதன் வயதையும் ஊரையும் பார்த்து, சம்மதம் தரவேண்டும். பல நேரங்களில் இன்னொரு கேள்வியும் எழும்: இதற்குப் பொதி எதற்கு? ஏஜண்டே இருபது வரியில் எழுதித் தரக்கூடியதற்கு லெஃப்ட்-பேட் காலத்துப் பழக்கத்தில் அந்நியரின் பொதியை இழுப்பது வீண்.

அடுத்தது, திறப்புகள். ஏஜண்ட் ஓடும் இடமும் திறப்புகள் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 2025இல் இதைக் கச்சிதமாகச் சொன்னார்: இரகசியத் தரவைப் பார்க்கும் வசதி, நம்பகமற்ற எழுத்தை வாசிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி, மூன்றும் ஒரே ஏஜண்டிடம் சேர்ந்தால் திருட்டுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. மூன்றில் ஒன்றையாவது வெட்டவேண்டும். நிரலாளர் மடிக்கணினியில் வெட்டக்கூடியது முதலாவது. கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கும் கொண்டெய்னர் ஒன்றுக்குள், அந்தத் திட்டத்தின் கோப்புறையை மட்டும் கொடுத்து, தேவையான களஞ்சியங்களுக்கு மட்டும் இணைய வழி விட்டு, ஏஜண்டை ஓடவிடலாம். உள்ளே நச்சுப் பொதி வந்தாலும் எடுத்துப்போக அங்கே அந்தத் திட்டத்தின் கோப்புகளைத் தவிர வேறொன்றும் இருக்காது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அரை நாள் வேலை.

பெரிய வங்கியோ தொலைத்தொடர்புக் கம்பனியோ தனக்கென்று உட்களஞ்சியம் வைத்து, அனுமதித்த பொதிகளை மட்டும் கொடுக்கும். பார்க்க ஒரு குழுவும் இருக்கும். மேல்மாடிக் கம்பனிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஆபத்து அங்கேதான் அடர்த்தி. மூன்று வாடிக்கையாளரின் திறப்புகள் ஒரே மடிக்கணினியில், அதே கணினியில் வீட்டு வங்கிக் கணக்கு, பிள்ளையின் ஓன்லைன் வகுப்பு.

சட்டப் பக்கம் சுருக்கமாகப் பார்த்தால் போதும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்கவேண்டும் என்ற கடமையை எழுதிவைத்திருக்கிறது. ஏஜண்ட் செய்தது என்று கைகாட்டித் தப்பமுடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்தன்மைச் சட்டம் 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரதான கடமைகள் 2027 டிசெம்பர் 11 முதல். தயாரிப்புக்குள் இருக்கும் பொதிகளின் பட்டியலை வைத்திருப்பதும் அதில் அடங்கும். இந்தியாவின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் 2024இலேயே இத்தகைய பட்டியலுக்கு வழிகாட்டி வெளியிட்டது. நோர்வே வாடிக்கையாளர் இந்தப் பட்டியலைக் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. அன்று “ஏஜண்ட்தான் போட்டது, எங்களுக்குத் தெரியாது” என்று எழுதினால் ஒப்பந்தம் போய்விடும்.

வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் உள்ள இன்ஃபர்மட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட்டிலும் மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவர்களுக்கு ஏஜண்ட் இன்று நாளாந்தக் கருவி. திட்டத்தைத் திருத்தும் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிரலைப் பார்க்குமுன் லொக் ஃபைலைத் திறந்து, அதில் ஏதாவது ஐந்து பொதிகளைக் காட்டி, இவை ஏன் வந்தன, யார் எழுதியவை என்று கேளுங்கள். பதிலுக்கும் புள்ளி வையுங்கள். 2006 முதல் இயங்கும், அதேபோன்ற அமைப்பான இலங்கை செர்ட், மும்மொழியிலும் இதற்கு ஒரு பக்க வழிகாட்டி தந்தால் மேல்மாடிக் கம்பனிகளும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதுவரை காத்திராமல், இதை வாசிக்கும் நிரலாளர் இன்றைக்கே செய்யக்கூடியவை இரண்டு: நிறுவும்போது ஓடும் கட்டளைகளை நிறுத்துங்கள், ஏஜண்ட் ஓடும் கோப்புறையிலிருந்து திறப்புகளை எடுங்கள்.